மூல ஓலையைக் காட்டுங்கள்

எங்கள் திருநாவலூர்ப் பிள்ளை சுந்தரர் கல்யாணக் கோலத்தில் இருந்தபோது, ஒரு முதியவர் வந்து அவரைத் தன் அடிமை என்று வழக்காடினார். சுந்தரர் அவர் காட்டிய ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போனது. வந்தவர் சிவபெருமானே என்கிறது பெரியபுராணம். ஆனாலும் சபையார் மூல ஓலையைக் கேட்டு வாங்கினார்கள். சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். இறைவனே ஆதாரத்தைச் சபையில் வைக்க வேண்டியிருந்த இந்தச் சீமையில், "அட்டெண்டன்ஸ் பற்றாது, ஹால் டிக்கெட் கிடையாது" என்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்?

இதைக் கேட்கத்தான் கூடியிருக்கிறோம். திருநாவலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி, விழுப்புரம் என்று ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் பொறியியல் கல்லூரிக்கும் பஸ் ஏறுகிறவர்கள் நாங்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்களும் எங்களோடு இருக்கிறார்கள். இயக்கத்துக்குப் பெயர் வைக்கவில்லை. அவசரமில்லை.

வருகை விதியை ஒழிக்கச் சொல்லி நாங்கள் வரவில்லை. வருகை குறைவு என்பதற்காகச் சட்ட மாணவரைத் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் சொன்னது. சட்டப் புத்தகத்தை வீட்டிலும் படிக்கலாம். லேத் எங்கள் வீட்டில் இல்லை. வெல்டிங்கை நோட்ஸ் வாங்கிக் கற்க முடியாது. ஒர்க்‌ஷாப்புக்கு வராதவன் ஒர்க்‌ஷாப்பைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் சண்டை கணக்கோடு. 2015-இல் பாலிடெக்னிக்குகளுக்கு வந்த எம் திட்டத்தில் செமஸ்டர் என்பது 16 வாரமாக, வாரத்துக்கு 35 மணி நேரமாக இருந்தது. 80 சதவீதம் வருகை வேண்டியிருந்தது. ஐந்து நாள் வாரம் என்று வைத்தால் 80 வேலைநாளில் 16 நாள் விடுப்பு எடுக்க முடிந்தது. பதினேழாம் நாள் எடுத்தால் 80-க்குக் கீழே இறங்க வேண்டியிருந்தது. இன்டர்னல் 25 மார்க்கில் 5 மார்க் வருகைக்கு இருந்தது: 80 முதல் 83 சதவீதம் வரை ஒரு மார்க், 96-ஐத் தொட்டால் ஐந்து. பொறியியலில் அண்ணா பல்கலைக்கழகம் 75 கேட்கிறது. காய்ச்சலுக்கோ விளையாட்டுக்கோ சான்று இருந்தால் 65 வரை இறங்கி வரும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இப்படி விலை இருக்கும்போது, அந்தக் கணக்கை மாணவன் செமஸ்டர் முடிவில்தான் பார்க்கிறான். அதனால் மாதக் கடைசியில் பதிவேட்டை வகுப்பில் வைக்க வேண்டும். தவறு இருந்தால் ஒரு வாரத்துக்குள் சொல்லித் திருத்தும் வழி வேண்டும். தேர்விலிருந்து நிறுத்துவதற்கு முன், துறைத்தலைவரும் ஒரு மாணவர் பிரதிநிதியும் உட்கார்ந்து அவன் சொல்வதைக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஒழுக்கத்துக்கான தண்டனையை வருகையில் கழிக்காதீர்கள். முடி வெட்டிவிட்டு வா, ஷூ போட்டு வா என்று வெளியே அனுப்பிவிட்டு அந்த மணி நேரத்துக்கு ஆப்சென்ட் போடுவது ஒரே குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை. "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்பதும் அப்படித்தான். அந்த அப்பா மலையில் இருந்தால் பஸ்ஸைப் பிடித்து இறங்குவதற்குள் அன்றைய கூலி போய்விடும். வேலை தேடி வெளிமாநிலம் போயிருந்தால், அவர் திரும்பும்வரை பிள்ளை கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டுமா? போனில் பேசுங்கள். கடிதம் போடுங்கள்.

ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பாடத்துக்கும், மிஷின் ஓடாத லேபுக்கும் யார் ஆப்சென்ட் போடுவது? அதையும் அதே பதிவேட்டில் எழுதச் சொல்கிறோம்.

இனி எங்கள் பங்கு. பக்கத்துச் சிதம்பரத்தில் 1996-இல் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. சீனியர் என்ற பெயரில் யாரையும் நிற்கவைத்துப் பாடச் சொல்வதும் எங்களுக்கு ராகிங்தான். கையில் சாதிக் கயிறு கட்டியவருக்கு இந்தக் கூட்டத்தில் இடமில்லை. நாங்குநேரியில் பள்ளி மாணவர் மீது நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு பள்ளிகளுக்குச் சொன்ன பரிந்துரையைக் கல்லூரி மாணவர்களாகிய நாங்களும் ஏற்றுக்கொண்டு செய்கிறோம். பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கூத்தடிப்பதையும் நிறுத்துகிறோம். கண்டக்டர் அண்ணன்கள் எங்களைக் கண்டு நிறுத்தாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது எங்களுக்குத் தெரியும்.

அடுத்த செமஸ்டர் திறக்கும் முதல் வாரத்தில், அவரவர் கல்லூரி முதல்வரிடம் இந்தக் கோரிக்கைகளை மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவோம். உறுப்பினர் சந்தா கிடையாது. ப்ராக்ஸி கொடுத்துப் பிடிபட்டவர் ஒரு செமஸ்டருக்கு உறுப்பினராக இருக்க முடியாது. அவரையும் கூப்பிட்டுக் கேட்ட பிறகே நீக்குவோம்.