வாளியும் வகுப்பும்

தேவிகுளம் பக்கம் தேயிலை கிள்ள வந்த குடும்பம் எங்களுடையது. நான் படித்த தமிழ்ப் பள்ளியிலே ஆடி மழை பிடித்தால் தகரக் கூரையின் இரைச்சலில் ஆசிரியர் குரல் கேளாது. அவரும் ஒழுகுமிடத்துக்கு வாளியை நகர்த்துவதிலேயே இருப்பார்.

கேரளத்துப் பள்ளிகள் நாடு புகழ்பவை; 2016க்குப் பின் கிஃப்பி நிதியில் எழுந்த கட்டடங்கள் பொய்யல்ல. எங்களுக்கு மட்டும், "பிள்ளைகள் குறைவு, செலவு வீண்" என்று மறுமொழி. காரணம் எது, காரியம் எது? என் தங்கையை அப்பா ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றியது தமிழை வெறுத்தல்ல. அந்த வாளியைக் கண்டு!

தாய்மொழித் தொடக்கக் கல்விக்கென 1956இலேயே அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவு சேர்ந்தது. எப்பருவத்துக்கும் ஏற்ற கட்டடம், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறை என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கணக்கிட்டே சொல்கிறது. விடுமுறையில் இடுக்கி, பாலக்காட்டு எல்லை ஊர்களுக்குப் போகிறவர்கள் பழைய பள்ளியின் அறைகளை எண்ணி வாருங்கள். மனு எழுதுவது என் பொறுப்பு.