வீட்டு ஜாமுக்குக் கடைக் கணக்கு எதற்கு?

கொய்யா வரத்து கூடும் மாதங்களில் பத்திரிகைகளின் சமையல் பக்கங்களிலும் யூடியூபிலும் வீட்டிலேயே ஜாம் செய்யும் முறை தவறாமல் வந்துவிடுகிறது. செய்முறை ஆளுக்கு ஆள் மாறினாலும் கணக்கு மட்டும் மாறுவதில்லை. ஒரு கிலோ பழக்கூழுக்கு ஒரு கிலோ சர்க்கரை. கொஞ்சம் குறைத்துச் சொல்பவர் முக்கால் கிலோ என்பார். கடையில் வாங்கினால் ரசாயனம், வீட்டில் செய்தால் சுத்தம் என்ற முன்னுரையும் கூடவே இருக்கும். அதை நம்பி அடுப்பு முன் நிற்பவருக்குக் கடைசியில் கிடைப்பது நிறமூட்டி இல்லாத, ஆனால் கடை ஜாமுக்கு ஈடாகச் சர்க்கரை நிறைந்த ஒரு பண்டம். வீட்டில் ஜாம் செய்யும் பழக்கம் பரவ வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் அந்தப் பழைய கணக்கோடு பரவினால் உழைப்பில் பாதி வீண். ஒரு கிலோ கூழுக்கு 300 கிராம் சர்க்கரை, ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்தில் தீர்ந்துபோகிற அளவு: வீட்டுக்குப் பொருந்துவது இந்தக் கணக்குதான்.

பழைய கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் துலங்கும். விற்பனைக்கு வரும் ஜாமில் பழம் குறைந்தது 45 சதவீதம் இருக்க வேண்டும் என்கின்றன இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகள். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி ஜாமுக்கு 25 சதவீதமே போதும். அதே விதிகள், கரைந்துள்ள திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கின்றன. கரைந்த திடப்பொருள் என்பது ஜாமைப் பொறுத்தவரை பெரும்பாலும் சர்க்கரையே. 45 கிராம் கொய்யாவில் இயல்பாக உள்ள இனிப்பு ஐந்து கிராமுக்குள் அடங்கிவிடும். மாம்பழமாக இருந்தால் ஏழு, எட்டு கிராம் வரலாம். ஆக, நூறு கிராம் ஜாம் அந்த 65-ஐ எட்ட ஏறத்தாழ 60 கிராம் சர்க்கரையை வெளியிலிருந்துதான் போட்டாக வேண்டும். பழம் 45, சர்க்கரை 60 என்றால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டுகிறதே என்று தோன்றலாம். கொதிக்கும்போது பழத்தின் நீர் ஆவியாகிவிடுவதால் அது நூறுக்குள் வந்துவிடுகிறது. பாட்டிலின் பின்பக்கம் சேர்மானங்களை எடை வரிசையில் அச்சிடுகிறார்கள். பெரும்பாலான ஜாம்களில் முதலிடம் சர்க்கரைக்கு இருப்பதன் காரணம் இதுதான். சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் சேர்க்கப்படும் நிறமியைப் பற்றியும் கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டைப் பற்றியும் நாம் படுகிற கவலையில் கால் பங்குகூடப் பாட்டிலில் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும் பொருளைப் பற்றி இல்லை.

தொழிற்சாலையைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அதற்கு இவ்வளவு சர்க்கரை தேவைப்படுகிறது. பாட்டில் பல மாதம் கிடங்கிலும் கடை அலமாரியிலும் இருந்து, பிறகு யாரோ ஒருவர் வீட்டு மேசையில் மூடி திறந்தபடி கிடக்க வேண்டும். சர்க்கரை செறிந்த கலவையில் நீர் இருந்தாலும் அது நுண்ணுயிர்களுக்குக் கிடைப்பதில்லை. பாக்டீரியா வளர முடியாமல் போகிறது, ஈஸ்டும் பூசணமும் திணறுகின்றன. சர்க்கரையின் இரண்டாவது வேலை ஜாமை உறைய வைப்பது. பழத்திலுள்ள பெக்டின் வலைபோல் பின்னிக்கொண்டு கெட்டிப்பட, பிஎச் 3-ஐ ஒட்டிய புளிப்பும் 60 சதவீதம் அளவுக்குச் சர்க்கரையும் வேண்டும். 105 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கவிடு, கரண்டியைச் சாய்த்தால் சொட்டாக விழாமல் தகடாக விழ வேண்டும் என்ற பதங்களெல்லாம் அந்தச் செறிவை அறியும் வழிகள். வீடுகளுக்கு இதே அளவு வந்ததற்கும் நியாயம் இருந்தது. பிரிட்டனில் 1874-இல் சர்க்கரை மீதான வரி நீக்கப்பட்டு விலை இறங்கியபின் ரொட்டியும் ஜாமும் உழைக்கும் குடும்பங்களின் அன்றாட உணவாயின. அங்கே பழம் கிடைப்பது சில வாரங்கள்; குளிர்காலமோ நீளம்; வீடுகளில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. கோடையில் காய்ச்சியது அடுத்த கோடை வரை தாங்க வேண்டும் என்றால் பழத்துக்குச் சமமாகச் சர்க்கரை போடுவதே அறிவுடைமை. அந்தக் கட்டாயம் எதுவும் இன்றைய தமிழ்நாட்டு வீட்டுக்கு இல்லை. நமக்கு ஏதாவது ஒரு பழம் எந்த மாதத்திலும் கிடைக்கிறது. பக்கத்து அறையில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது. கெடாமல் காக்கும் வேலையைக் குளிரிடம் விட்டுவிட்டால், சர்க்கரை ருசிக்குத் தேவையான அளவு இருந்தால் போதும்.

உறைவதுதான் பாக்கி. கொய்யா இதில் கைகொடுக்கிறது. நன்றாகப் பழுத்தவற்றோடு நாலைந்து செங்காயையும் சேர்த்துக்கொண்டால் பெக்டினுக்குக் குறைவிருக்காது. துண்டு போட்டு, மூழ்காத அளவு நீர் விட்டுக் குழைய வேகவைத்து, மசித்து, விதை போக வடிகட்டியில் தேய்த்து எடுத்தால் வழவழப்பான கூழ் கிடைக்கும். அந்தக் கூழ் ஒரு கிலோவுக்கு 300 கிராம் சர்க்கரையும் இரண்டு எலுமிச்சையின் சாறும் போட்டு, அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் கிளற வேண்டும். புளிப்புள்ள பழத்துக்கு அலுமினியம் ஆகாது. கெட்டிப்படும்போது கொப்பளித்துத் தெறிக்கும் என்பதால் நீளக் காம்புள்ள கரண்டி நல்லது. ஒட்டாமல் திரண்டு, கரண்டி போன தடம் பாத்திரத்தின் அடியில் ஒரு நொடி நின்றால் பதம் வந்துவிட்டது. கிடைப்பது ஏறத்தாழ 900 கிராம். கடை ஜாம்போல் இது கட்டியாக ஆடாது. ரொட்டியில் தடவினால் மெத்தென்று பரவி, கொய்யா வாசனையோடு இருக்கும். உறைந்து ஆடுவதை ஜாமின் இலக்கணமாக எடுத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் இது குறையாகப் படும். கணக்கையும் பார்த்துவிடலாம். இருபது கிராம் கடை ஜாமில் சேர்த்த சர்க்கரை ஏறத்தாழ 12 கிராம், பழம் 9 கிராம். இருபது கிராம் வீட்டு ஜாமில் சேர்த்த சர்க்கரை 7 கிராமுக்குள், பழக்கூழ் 22 கிராம். சேர்க்கும் சர்க்கரை ஏறக்குறைய பாதியாகவும் பழம் இரண்டு மடங்குக்கு மேலாகவும் மாறுகிறது. வேறெந்தக் காலைச் சிற்றுண்டியிலும் இவ்வளவு சுலபமாக இப்படி ஒரு மாற்றத்தைக் கொண்டுவர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கொய்யாவுக்கு அடுத்து நான் பரிந்துரைப்பது விளாம்பழம். நம்மூரில் விநாயகர் சதுர்த்திக்கு ஒன்றிரண்டு வாங்கிப் படைத்து, உடைத்து, வெல்லம் போட்டுப் பிசைந்து சாப்பிடுவதோடு அதற்கு விடைகொடுத்துவிடுகிறோம். இலங்கையில் விளாம்பழ ஜாம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பண்டம். அங்கே அதை ரசித்துச் சாப்பிடுகிறார்கள். இயல்பிலேயே புளிப்பும் பெக்டினும் சேர்ந்திருக்கும் பழம் என்பதால் எலுமிச்சைகூடத் தேவைப்படாது. மாம்பழத்தை எடுத்தால் அதற்கே போதிய இனிப்பு இருப்பதால் சர்க்கரையை இன்னும் குறைக்கலாம். ஆனால் புளிப்புக்கு எலுமிச்சை வேண்டும். பழத்தையும் இனிப்பையும் சேர்த்துக் குழைத்து நாள்பட வைக்கும் கலை நமக்குப் புதிதும் இல்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தம் அடுப்பில் ஏறாமலேயே, சொட்டு நீர் சேராமல், மலைவாழைப்பழத்தோடு நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய் ஆகியவற்றின் செறிவாலேயே நிற்கிறது. ஊருக்கு எடுத்துச் சென்று பல நாள் வைத்துப் பகிர வேண்டிய பிரசாதத்துக்கு அந்த இனிப்பு பொருத்தமானது. தினமும் பள்ளி டப்பாவில் போகும் ரொட்டிக்கு அதே அளவு பொருந்தாது.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு பாதுகாப்பைப் பற்றியது. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரையைக் குறைத்தால் சீக்கிரம் கெடும் என்பது உண்மை. ஆகவே இந்த ஜாமை அலமாரியில் வைக்கவே கூடாது. கொதிநீரில் போட்டெடுத்து நன்கு உலர்த்திய சிறு கண்ணாடிப் பாட்டில்களில் சூடாக நிரப்பி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுக்க வேண்டும். இரண்டு வாரத் தேவைக்கு மேற்பட்டதை முதலிலேயே ஃபிரீசரில் வைக்கலாம். பப்பாளி, வாழை போன்ற புளிப்புக் குறைந்த பழங்களைத் தனியாகக் காய்ச்சுவதைவிட அன்னாசி போன்ற புளிப்புப் பழத்தோடு, எலுமிச்சையும் சேர்த்துக் காய்ச்சுவது நல்லது. மேலே பூசணம் கண்டால் வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடும் பழக்கம் இதற்கு உதவாது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே இறங்கியிருக்கும், மொத்தமாகக் கொட்டிவிட வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும், மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊருக்கும் இந்த யோசனை பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே பழைய கணக்கில் செய்து, தடவும் அளவைக் குறைப்பதே சரி.

இரண்டாவது மறுப்பு, சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ தேனோ போட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்பது. தீராது. வெல்லத்தின் பெரும்பகுதியும் சர்க்கரையே. அதில் உள்ள தாதுக்கள் ஒரு கரண்டி ஜாமில் பொருட்படுத்தும் அளவுக்கு வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தேனையும் பழச்சாற்றையும்கூடச் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. அன்றாடம் நாம் பெறும் ஆற்றலில் அத்தகைய சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 2000 கலோரி உண்பவருக்கு அந்த 5 சதவீதம் என்பது 25 கிராம். குழந்தைக்கு அதைவிடக் குறைவு. காலை ரொட்டியிலேயே 12 கிராம் போய்விட்டால், காபிக்கும் பிஸ்கட்டுக்கும் என்ன மிஞ்சும்? நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. அதற்கு ஜாம் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இத்தனை பேர் இருக்கும் நாட்டில், எங்கே வலிக்காமல் குறைக்க முடியுமோ அங்கே குறைப்பது நியாயம். இதே நேர்மையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. அடுப்பில் கிளறும்போது அதில் கணிசமான பங்கு போய்விடும். பழத்தைக் கடித்துத் தின்பதற்கு எந்த ஜாமும் ஈடில்லை. வீட்டு ஜாமை மருந்தாகவோ சத்துணவாகவோ யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். கடை ஜாமின் இடத்தில் மட்டுமே அதை வைக்கிறேன்.

இட்லி, தோசை, கம்பங்கூழ் இருக்கிற ஊரில் ஜாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், மாவு தீர்ந்துபோன காலைகளில், பிள்ளைகளின் டப்பாவில் ஏறுவது ரொட்டியும் ஜாமும்தான் என்பது தெரிந்த விஷயம். அதை மறுத்துப் பேசுவதைவிட அந்த ஜாமைச் சரிசெய்வது பயன் தரும். கெட்டியான கொய்யா ஜாம் சப்பாத்திக்குள் சுருட்டவும் தோசைக்குத் தொட்டுக்கொள்ளவும் உதவும் என்பதால் ரொட்டியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதும் இல்லை. இதைவிடக் கனமான கேள்வி வேறு: செய்யப்போவது யார்? வீட்டில் செய்யுங்கள் என்று சொல்லும் ஒவ்வொரு யோசனையும் பெரும்பாலும் ஏற்கெனவே ஓய்வில்லாத ஒரு பெண்ணின் தலையில்தான் இறங்குகிறது. ஆண்கள் கையில் எடுக்க ஏற்ற சமையல் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். அன்றாட அவசரத்தில் சேராதது, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி நேரத்தில் முடிவது, கைப்பக்குவத்தைவிடப் பொறுமையும் தராசும் வேண்டியது. நறுக்குவதும் வடிகட்டியில் தேய்ப்பதும் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை. அப்படிப் பகிர முடியாத வீட்டில், அந்தப் பெண் கடையில் வாங்குவதை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

விலையைப் பொறுத்தவரை, பருவத்தில் பழம் மலியும்போது செய்தால் கட்டுப்படியாகும். பருவம் தவறினால் கட்டுப்படியாகாது. அவ்வளவுதான். லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப் பின்சார் பொறியியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு ஆய்வு, பழங்களிலும் காய்கறிகளிலும் அறுவடைக்குப் பின் மிக அதிகமாக வீணாவது கொய்யா என்று கண்டது; கிட்டத்தட்ட 16 சதவீதம். வண்டியில் அடிபட்டு, தோல் கன்றி, பாதி விலைக்குக் கிடைக்கும் பழம் ஜாமுக்குத் தாராளமாகப் போதும்; அழுகியதைத்தான் தள்ள வேண்டும். வீட்டு அடுப்புகளால் கொய்யா பயிரிடும் ஆயக்குடி விவசாயியின் விலைச் சரிவைத் தடுக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. அதற்குக் கூழ் ஆலைகளும் குளிர்பதனக் கிடங்குகளும் வேண்டும்.

நான் கேட்பது சமையல் குறிப்பு எழுதுபவர்களிடமும் பயிற்சி தருபவர்களிடமும் தான். வேளாண் அறிவியல் நிலையங்களிலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான வகுப்புகளிலும் பழப் பதப்படுத்தல் சொல்லித் தருகிறார்கள். விற்பனைக்குத் தயாரிப்பவர் 65 சதவீத விதியைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும். அதைக் கற்பிப்பது சரி. அதே வகுப்பில், வீட்டுக்குச் செய்பவருக்கு வேறு அளவு, வேறு சேமிப்பு முறை என்று இரண்டாவது பாடம் ஒன்றும் இருக்க வேண்டும். பத்திரிகைக் குறிப்புகளிலும் சர்க்கரை அளவுக்குப் பக்கத்தில், இது வெளியில் வைப்பதற்கா ஃபிரிட்ஜுக்கா, எத்தனை நாளைக்கு என்று ஒரு வரி அச்சிடலாம். கடை ஜாமின் இனிப்புக்குப் பழகிய பிள்ளைகள் முதலில் முகம் சுளிக்கலாம். அவர்களுக்கு முதல் தடவை 500 கிராம், அடுத்த முறை 400, பிறகு 300 என்று இறக்கிவந்தால் நாக்கு வழிக்கு வந்துவிடும்.