காம்பவுண்ட் சுவருக்கு எத்தனை செங்கல்? மொபைலை வைத்துவிட்டு டேப்பை எடுங்கள்!

"மூவாயிரம் கல்லு இறக்கிடுங்க சார், பத்தலைன்னா பார்த்துக்கலாம்." காம்பவுண்ட் சுவர் என்றதும் மேஸ்திரி சொல்லும் கணக்கு இது. சந்தேகம் வந்து மொபைலில் கால்குலேட்டரைத் தட்டினால், அது வேறொரு எண்ணைக் காட்டும். எது சரி?

இரண்டுமே தவறாக இருக்கலாம். 19×9×9 செ.மீ. என்பது இந்தியத் தர நிர்ணய அளவுகளில் ஒன்று. கலவையோடு சேர்த்து ஒரு கன மீட்டருக்கு 500 கல். ஆனால், நம்ம ஊர் சூளையிலிருந்து லாரியில் வரும் கல் அந்த அளவில்தான் இருக்கும் என்று யார் சொன்னது?

50 அடி நீளம், 5 அடி உயரம், 9 இன்ச் சுவர் என வைத்துக்கொள்வோம். கல்லின் முகம் 9×3 இன்ச், அரை இன்ச் கலவை என்றால் சுமார் 2,165 கல் போதும். அதே கல் எட்டரைக்கு இரண்டே முக்கால் இன்ச்சாக வந்தால்? சுமார் 2,460! கிட்டத்தட்ட 300 கல் கூடுதல். கலவையும் கூடுதலாகப் போகும், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

உதாரணத்துக்கு, பெரிய கல் 10 ரூபாய், சின்னது ஒன்பதரை ரூபாய் என்றால், 'சீப்பா கிடைச்சுது' என்று வாங்குபவருக்குத்தான் சுமார் 1,700 ரூபாய் நஷ்டம்.

எனவே சூளையில் விலை கேட்பதற்கு முன், பத்து கல்லை வரிசையாக வைத்து அளந்து பாருங்கள். கேட் வரும் இடத்தைக் கழித்து, உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து கல் சேர்த்த பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம். அஸ்திவாரத்துக்கான கல் தனிக் கணக்கு.