வாள்வீச்சு: தற்காப்புக்கும் தேவை தலைநகரின் கவனம்

தில்லி தால்கதோரா உள்ளரங்கில் 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மகளிருக்கான முதலாவது "கேலோ இந்தியா" வாள்வீச்சு லீக் போட்டி நடைபெற்றது. இதே தலைநகரில் 2010-இல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது, வாள்வீச்சுக்கு அதில் இடமே இருக்கவில்லை. கவனிப்பாரற்றுக் கிடந்த இந்த விளையாட்டின் மீது நாட்டின் பார்வை திரும்பியதற்கு முக்கியக் காரணம், சென்னையைச் சேர்ந்த சி.ஏ. பவானி தேவி.

ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், முதல் ஆட்டத்தில் துனீசியாவின் நாடியா பென் அஸீஸியை 15-3 என்ற கணக்கில் எளிதாக வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்ஸின் மனோன் புரூனேயிடம் 7-15 எனத் தோற்றார். அந்த ஆட்டத்தின் முதல் பகுதி முடிவிலேயே 2-8 எனப் பின்தங்கியிருந்தார். இந்த இரு ஆட்டங்களுக்கும் இடையே உள்ள தொலைவுதான் இந்திய வாள்வீச்சு கடக்க வேண்டிய தொலைவு.

பவானி தேவி ஆடும் சேபர் பிரிவில் இடுப்புக்கு மேற்பட்ட பகுதியில் வெட்டியோ குத்தியோ புள்ளி பெறலாம். இருவர் வாளும் ஒரே நேரத்தில் பட்டால், தாக்குதலை முதலில் தொடங்கியவருக்கே புள்ளி. எனவே, தற்காப்பவர் முதலில் அந்த உரிமையைப் பறித்தாக வேண்டும். அதற்கான முதல் வழி, வாளால் வாளைத் தடுப்பது. வாள் பிடித்த கையின் புறத்தைக் காப்பது மூன்றாம் தடுப்பு. மார்பின் மறுபுறத்தைக் காப்பது நான்காம் தடுப்பு. தலையைக் காப்பது ஐந்தாம் தடுப்பு. தடுத்த மறுகணமே திருப்பித் தாக்க வேண்டும். தயங்கினால் கிடைத்த உரிமை போய்விடும். சிலம்பம் அறிந்த தமிழகத்துக்குத் தடுத்தடிக்கும் இக்கலை புதியதல்ல.

இரண்டாவது வழி, இடைவெளி. 14 மீட்டர் நீளத் தளத்தில் அளவறிந்து பின்வாங்கி, எதிராளியின் வாள் எட்டாமல் போகச் செய்து, அந்தக் கணத்தில் தாக்குதலைத் தன் வசமாக்குவது. மூன்றாவது, எதிராளி கையை நீட்டத் தாமதிக்கும்போது முந்திக்கொண்டு அவரது கையை வெட்டுவது. இவற்றுக்கும் மேலாக, வேண்டுமென்றே ஓரிடத்தைத் திறந்து காட்டி, அங்கு தாக்குதலை வரவழைத்துத் தடுக்கும் தந்திரமும் உண்டு. கேடயம் இல்லாத இந்த விளையாட்டில் வாளும் கால்களும் மதியுமே கேடயம்.

தாக்குதலை ஓரளவு தனியாகவே பயிலலாம். தற்காப்பை அவ்வாறு பயில இயலாது. வலுவான எதிராளி, தேர்ந்த பயிற்சியாளர், விதியறிந்த நடுவர், மின்னணுப் பதிவுக் கருவி ஆகியவை அதற்கு இன்றியமையாதவை. சேபர் பிரிவில் ஒரு வெட்டு பதிவானபின் மற்றவரின் வெட்டு நொடியில் ஆயிரத்தில் 170 பங்குக்குள் பட்டால் மட்டுமே கருவி அதை ஏற்கும். அந்தக் கால அளவைக் கருவியின்றி உடலுக்குப் பழக்க முடியாது.

பள்ளிப் பருவத்தில், 2004-இல், வாள்வீச்சில் சேர்ந்த பவானி தேவி, வாள்களைப் போட்டிகளுக்காகப் பாதுகாத்து வைத்துவிட்டு மூங்கில் குச்சிகளைக் கொண்டு பயிற்சி பெற்றவர். பின்னர் கேரளத்தின் தலச்சேரி, இத்தாலி எனப் பயிற்சியைத் தேடிச் சென்றார். அதன் பலன் 2023-இல் சீனாவின் வூஷி நகரில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் தெரிந்தது. அப்போதைய உலக சாம்பியன் ஜப்பானின் மிசாகி எமுராவைக் காலிறுதியில் 15-10 என வீழ்த்திய அவர், அரையிறுதியில் 14-15 என ஒரே புள்ளியில் தோற்று வெண்கலம் வென்றார். ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. ஆயினும், 2024 பாரீஸ் ஒலிம்பிக் வாள்வீச்சில் இந்தியர் எவரும் இடம்பெறவில்லை. ஒருவரின் விடாமுயற்சியை மட்டுமே நம்பியிருப்பதன் விளைவு இது.

முன்னணிக்கு வந்துவிட்டவர்களுக்கு உதவ "டாப்ஸ்" போன்ற திட்டங்கள் உள்ளன. மூங்கில் குச்சியுடன் நிற்கும் சிறுமிக்கு என்ன வழி? மத்திய விளையாட்டு அமைச்சகமும் இந்திய வாள்வீச்சுச் சங்கமும் மாவட்டப் பயிற்சி மையங்களுக்குப் பதிவுக் கருவிகளையும் பாதுகாப்பு உடைகளையும் வழங்க வேண்டும். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் மூலம் பயிற்சியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் தொடர் பயிற்சி அளிக்க வேண்டும். லீக் போட்டிகளைச் சிறு நகரங்களுக்கும் கொண்டு செல்ல வேண்டும்.

வெளிநாடு செல்ல வசதியுள்ளவருக்கு மட்டுமே தற்காப்புக் கலை கிட்டும் என்ற நிலை நீடிக்கலாகாது. 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்குக்கான ஆயத்தம் தலைநகரின் கோப்புகளில் அல்ல, மாவட்ட மைதானங்களில் தொடங்க வேண்டும்.