மனுவே போடாமல் மறுப்பு எங்கிருந்து வரும்?

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்தால் ஒரு பேச்சு தவறாமல் வரும். "பட்டாளத்திலும் விமானப்படையிலும் நம்ம பிள்ளைகளை ஆபீசராக எடுக்க மாட்டாங்க பாய்!" சொல்பவர் கடைத்தெருவில் பெரிய வியாபாரி. சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். நானும் பல வருடம் தலையாட்டியவன்தான்.

ஒரு நாள் திருப்பிக் கேட்டேன்: "நம்ம மஹல்லாவில் இதுவரை எத்தனை பேர் மனுப் போட்டிருக்கிறார்கள்?" பதில் இல்லை. அவர் மகனுக்கு 18 வயதிலேயே பாஸ்போர்ட் ரெடி. துபாயில் மச்சானிடம் விசாவுக்குச் சொல்லி வைத்தாகிவிட்டது. மனுவே போடாதவனை யார் மறுப்பது?

அநீதியே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2001 கணக்குப்படி மக்கள் தொகையில் 13.4 சதவீதமாக இருந்த சமுதாயம், ஐ.ஏ.எஸ்.ஸில் 3 சதவீதம், ஐ.பி.எஸ்.ஸில் 4 சதவீதம் மட்டுமே என்று 2006ல் சச்சார் குழு போட்டு உடைத்தது. ராணுவத்தில் எத்தனை முஸ்லிம்கள் என்று அந்தக் குழு கணக்குக் கேட்டதற்கே எத்தனை கூச்சல்! கேள்வி கேட்டதே தேசவிரோதம் என்பது போலப் பேசினார்கள். அந்தப் போராட்டம் தொடர வேண்டியதுதான். ஆனால் அதிகாரி தேர்வுக்கு மனுப் போடுவதை எந்தக் காவிக் கூட்டமும் தடுக்கவில்லை. தடுப்பது நம் வீட்டுக் கூடம்.

எப்படி? பத்தாவது முடிந்ததும் "கடையில்தானே உட்காரப் போறான்" என்று பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப்பில் சேர்த்து விடுகிறோம். அங்கேயே விமானி ஆகும் கதவு மூடிவிடுகிறது. பிளஸ் டூ மாணவர்கள் எழுதும் என்.டி.ஏ. தேர்வில் விமானப்படைக்குக் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். வயது பதினாறரை முதல் பத்தொன்பதரைக்குள். வருடத்துக்கு இரண்டு முறை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. கட்டணம் 100 ரூபாய்! 2021ல் உச்சநீதிமன்றம் தலையிட்ட பிறகு பெண் பிள்ளைகளும் எழுதலாம்.

சரி, காமர்ஸ் படித்துவிட்டான். அவனுக்கும் வழி இருக்கிறது. பட்டதாரிகளுக்கு விமானப்படை நடத்தும் 'ஆஃப்கேட்' தேர்வில், 60 சதவீதம் வாங்கிய பி.காம். பட்டதாரி கணக்குப் பிரிவில் அதிகாரியாகலாம். எந்தப் பட்டம் ஆனாலும் அதே 60 சதவீதம் இருந்தால் நிர்வாகமும் லாஜிஸ்டிக்ஸும் உண்டு. லாஜிஸ்டிக்ஸ் என்றால் வேறொன்றுமில்லை; சரக்கு வாங்குவது, இருப்பு வைப்பது, தேவையான இடத்துக்கு நேரத்தில் அனுப்புவது. மூன்று தலைமுறையாக நம் மண்டிகளிலும் கிட்டங்கிகளிலும் செய்வது இதைத்தானே! விமானிக்கு வயது 20 முதல் 24, தரைப்பணிக்கு 26 வரை.

தேர்வு சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆஃப்கேட்டில் 100 கேள்வி, 300 மதிப்பெண். தவறான பதிலுக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். ஆங்கிலத்தில் மட்டும்தான். என்.டி.ஏ.வை இந்தியில் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. இது அக்கிரமம், நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி. எழுத்துத் தேர்வு தாண்டினால் ஐந்து நாள் நேர்காணல். நமக்குப் பக்கம் மைசூர். முதல் நாளே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திண்ணையில் இரண்டு மணி நேரம் உலக அரசியல் பேசும் நம் இளைஞன், நாலு பேர் முன்னால் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசப் பழகவில்லை. அதில்தான் தோற்கிறான்.

தோற்றால் அவமானமா? 1958ல் ராமேஸ்வரத்துப் படகோட்டி வீட்டுப் பிள்ளை ஒருவர் விமானி ஆக வேண்டும் என்று டேராடூன் வரை போனார். 25 பேரில் ஒன்பதாவது இடம். எடுத்ததோ எட்டுப் பேரை! அவர்தான் அப்துல் கலாம். முப்படைகளின் தலைவராக, 2006ல் சுகோய் விமானத்தில் ஏறிப் பறந்தார். அவருக்கு முன்பே ஹைதராபாத்தின் இத்ரீஸ் ஹசன் லத்தீஃப் 1978 முதல் 1981 வரை விமானப்படைத் தளபதியாக இருந்தார். 1947ல் எந்த நாடு என்று கேட்கப்பட்டபோது இந்தியாதான் என்று நின்றவர் அவர்.

"தாடி வைக்க விடமாட்டார்களே" என்பார்கள். உண்மைதான். தாடி வைத்ததற்காக நீக்கப்பட்ட முஸ்லிம் விமானப்படை ஊழியரின் மேல்முறையீட்டை 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சீக்கியருக்கு இருக்கும் அனுமதி நமக்கு இல்லை. இந்தத் தீர்ப்பு நமக்கு உடன்பாடானதல்ல. தாடியை விட மனமில்லாத பிள்ளையை நாம் வற்புறுத்தவும் மாட்டோம்; அவன் ஈமான் அவனுக்குப் பெரிது. ஆனால் இந்தக் காரணத்தை என்னிடம் அதிகம் சொன்னவர்கள், வாரம் இரண்டு முறை சலூனில் மழுங்கச் சிரைத்துக்கொள்ளும் அண்ணன்மார்கள்தான்!

ஆஃப்கேட் அறிவிப்பு வழக்கமாக டிசம்பரிலும், மே கடைசி அல்லது ஜூனிலும் வரும். நம் பள்ளிவாசல் பலகையில் உம்ரா பயண விளம்பரம் ஏழு ஒட்டியிருக்கிறது. எட்டாவதாக இதை ஒட்ட முத்தவல்லியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். உங்கள் ஊரில் யார் கேட்கப் போகிறீர்கள்?