மீன் பார்ப்பது கண்ணை, இறகை அல்ல



மீன் தூண்டிலைப் பற்றி வணிகர் இதழில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். விற்றுவந்த சரக்கு ஒன்றுக்குத் தடை வந்தால் வியாபாரி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதில் நல்லதொரு பாடம் இருக்கிறது.

மேல்நாடுகளில் தூண்டில் முள்ளில் மண்புழுவுக்குப் பதிலாக இறகு, ரோமம், நூல் ஆகியவற்றைச் சுற்றிக் கட்டி, பூச்சி போலவோ குட்டி மீன் போலவோ செய்துகொள்கிறார்கள். அதற்கு ‘ஃப்ளை’ என்று பெயர். குட்டி மீன் வடிவில் கட்டுவதற்குக் கண் வைப்பது வழக்கம். இரையின் கண்ணைப் பார்த்தே பெரிய மீன் பாய்கிறது என்பது தூண்டில்காரர்களின் நம்பிக்கை.

19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் சால்மன் மீனுக்காகக் கட்டிய ஃப்ளைகளில் கண்ணாக அமைந்தது எது தெரியுமா? நமது மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் நிறக் காட்டுச்சேவலின் கழுத்து இறகு! அதில் எனாமல் பூசியது போன்ற பளபளப்பான பொட்டு உண்டு. பெயர்பெற்ற ‘ஜாக் ஸ்காட்’ ஃப்ளையின் இருபுறமும் இந்த இறகுதான்.

இன்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பறவையை வேட்டையாடுவது குற்றம். நம் காட்டு இறகு போகவில்லை என்பதற்காக ஃப்ளை வியாபாரம் நின்றுவிட்டதா? இல்லை. பிரிட்டனிலேயே அந்தப் பறவையை வளர்த்து இறகு எடுக்கிறார்கள். இறகே வேண்டாம் என்பவர்களுக்கும் வழிகள் பல.

ஃப்ளையின் தலையில் மஞ்சளோ வெள்ளையோ ஒரு பொட்டு வைத்து, காய்ந்தபின் நடுவில் கறுப்புப் புள்ளி வைத்தால் கண். ஆணியின் தலையே அதற்குத் தூரிகை. தடித்த நைலான் நரம்பின் நுனியை நெருப்பில் காட்டினால் உருகி உருண்டையாகும். இறால் வடிவ ஃப்ளைக்கு அது கண். கைகழுவும் தொட்டியின் அடைப்பானில் தொங்கும் குண்டுமணிச் சங்கிலியில் இரண்டு மணிகளை வெட்டி, முள்ளின் குறுக்கே எட்டுப் போட்டுக் கட்டினால் கண்ணும் ஆயிற்று, எடையும் ஆயிற்று. பளபளக்கும் ஸ்டிக்கர் கண்ணை ஒட்டி, மேலே எபாக்சி பூசுவதும் உண்டு. பெயிண்ட், நைலான் நரம்பு, சங்கிலி, ஸ்டிக்கர் எல்லாம் நம் கடைத்தெருவில் கிடைக்கும் சரக்குகள்தாமே!

1987-ல் அமெரிக்காவின் பாப் கிளவுசர் ஈயத்தால் ஆன இரட்டைக் குண்டுக் கண்ணை முள்ளின் மேற்புறம் கட்டினார். அந்த எடையால் ஃப்ளை புரண்டு, முள்முனை மேல்நோக்கி நின்றது. அடியில் உள்ள கல்லில் அதிகம் சிக்கவில்லை. ஆனால் ஈயம் நஞ்சு. தூண்டில் ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் மடிந்ததால், பிரிட்டன் அதே 1987-ல் சிறு ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தது. ஃப்ளைக்கும் ஈயம் வேண்டாம் என்பவர்களுக்காக இன்று பித்தளைக் கண்ணும் டங்ஸ்டன் கண்ணும் விற்கின்றன. டங்ஸ்டன் ஈயத்தைவிடக் கனம், விலையும் கூடுதல். அதற்கும் வாங்குவோர் உண்டு.

இனி நம் கடைக்கு வருவோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. சிறு கடைக்காரருக்கு அபராதம் போடுமுன் தயாரிக்கும் இடத்தை முதலில் மூடுங்கள் என்று நாம் கேட்பதில் நியாயம் உண்டு. அதற்காகக் கல்லாவுக்கு அடியில் பை கட்டை ஒளித்துவைத்து விற்பது எந்த வகையில் வியாபாரம்? ஒரு கட்டுப் பையில் கிடைக்கும் லாபம் எவ்வளவு? பிடிபட்டால் போகும் பணமும் பெயரும் எவ்வளவு?

வாடிக்கையாளருக்கு வேண்டியது பிளாஸ்டிக் அல்ல. வாங்கிய பருப்பு சிந்தாமல் வீடு சேர வேண்டும், அவ்வளவுதான். காகிதப் பொட்டலம், துணிப்பை, வாழையிலை, மந்தாரை இலை என்று நம் முன்னோர் கட்டிக்கொடுத்தவை இருக்கவே இருக்கின்றன. எண்ணெய்க்குப் பாத்திரம் கொண்டுவரச் சொல்வதிலும் குறைவில்லை. மாற்றுப் பொருளின் விலை கூடினால் அதை மறைக்காமல் வாடிக்கையாளரிடம் சொல்லி விற்போம். சங்கங்கள் மொத்தமாகக் கொள்முதல் செய்து உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அந்த விலையும் இறங்கும்.

தடை வந்தபின் தவிப்பதைவிட, வருமுன் மாற்றுச் சரக்கைத் தேடிவைப்பதே வணிகனின் சாமர்த்தியம். இதைச் சங்கக் கூட்டங்களில் பேசி முடிவெடுக்க வேண்டுகிறோம்.