பிக்கிலாவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

‘1960 ரோம் மாரத்தானில் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார், ஷூ எதற்கு?’ என்பது விருதுநகர் மைதானத்து வாதம். அதே பிக்கிலா 1964 டோக்கியோவில் ஷூ போட்டு, இன்னும் வேகமாக ஓடி வென்றதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

எதிரணி மட்டும் யோக்கியமா? கடையில் விரலால் அமுக்கி, ‘மெத்துனு இருக்கு’ என்று வாங்குகிறது. ஓடும்போது காலில் இறங்குவது உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. விரலுக்கு அது எப்படித் தெரியும்? கால் சற்று உப்பியிருக்கும் சாயங்காலம், ஓடும் காலுறையோடு போட்டு, கடை வாசலில் நாலடி ஓடிப் பார்க்க வேண்டும். நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது.

சிவகாசிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை ரப்பர் அடி தரைக்கு இறங்க விடாது. பட்டாசு மருந்து அறைக்கு ஒரு பொறி போதும். அதே ஷூவோடு வேலைக்குப் போகிறவர் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும்.